அச்சு மேசையில் 31 வருஷம்: கல்கத்தாவில் வரைபடம் அச்சடித்த பட்டாளத்துக்காரர் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ்

#1 தம்பி சப்பர்

எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்துக்குப் பாலமும் பாதையும் போடும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் 17 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவன் நான். இப்போது ஊரில் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேப் ரீடிங் சொல்லித் தருகிறேன்.

போன மாதம் ஒரு பையன் கேட்டான்: "மாமா, இந்த மேப்பை சர்வே பண்ணது சர்வே ஆஃப் இந்தியா. சரி. அச்சடிச்சது யாரு?" தாளின் ஓரத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஷீட் நம்பர், அளவு, காந்த வடக்கு, எல்லாம் மனப்பாடம். இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி மார்ச்சில், மழைக் கோட்டுக்கு அடியில் டார்ச்சை மறைத்துப் பிடித்து, உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் நெருங்கி வருவதை விரலால் தடவி, "இன்னும் 200 மீட்டர்ல ஓடை வரணும்" என்று சொல்லி, ஓடையும் வந்திருக்கிறது. அந்தக் கோட்டை மெஷினில் ஏற்றியவனை ஒருநாளும் நினைத்ததில்லை.

தேடிப் படித்தபோதுதான் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ் கிடைத்தார். 1842ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அதிகாரிகளைத் தயாரித்த அடிஸ்கோம்ப் கல்லூரியில் படித்து, 1859ல் வங்காள பீரங்கிப் படையில் சேர்ந்திருக்கிறார். 17 வயது. 1866ல் கல்கத்தா சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் புகைப்படப் பிரிவின் பொறுப்பு வந்தது. அங்கிருந்து அவர் நகரவே இல்லை. 1897ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெறும்வரை வேலை அதுதான்: வரைந்து வந்த வரைபடத்தைக் கேமராவில் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அச்சடித்துக் கொடுப்பது.

எங்கள் யூனிட்டிலும் டிராயிங் ரூமில் வேலை பார்த்தவர்கள் உண்டு. "உனக்கென்னப்பா, நெழல்ல உக்கார்ற வேலை" என்று அவர்களைப் பார்த்து நானே சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது மனசு சொல்கிறது. வாட்டர்ஹவுஸ் செய்ததும் முழுப் பட்டாளச் சேவைதான் என்பது என் கட்சி. அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்று விளக்கினால் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

#2 நிலவரை

நல்ல இழை ஐயா. அதற்கு முந்தைய நிலைமையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1827லிருந்து இந்தியா அட்லஸ் என்று ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. அங்குலத்துக்கு 4 மைல். இங்கே அளந்து, இங்கே வரைந்து, கப்பலில் லண்டனுக்கு அனுப்பினால், அங்கே செப்புத் தகட்டில் கையால் செதுக்கி அச்சடிப்பார்கள். செதுக்கும் வேலை கல்கத்தாவுக்கு வந்ததே 1868 வாக்கில்தான். செப்புத் தகட்டு வேலை பார்க்கக் கண்ணுக்கு விருந்து, மலைச்சரிவெல்லாம் முடியிழை முடியிழையாக இருக்கும். ஆனால் ஒரு ஷீட் முடிய மாதக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு. சண்டை அதுவரை காத்திருக்குமா?

அப்போது சர்வேயர் ஜெனரலாக இருந்த துய்லியரும் வங்காள பீரங்கிப் படைக்காரர்தான். 1861லிருந்து 1878 வரை அவர் பதவியில் இருந்தார். அவசர வரைபடம் நாள் கணக்கில் கையில் வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் தேவை. வாட்டர்ஹவுஸ் வந்து சேர்ந்தது அந்த இடத்தில்.

#3 சிவகாசி ரிஜிஸ்டர்

அண்ணே, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தத் தளத்தில் கணக்கு ஆரம்பித்தேன். 40 வருஷமாக ஆப்செட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் வருவது இப்போதைய கதை. நான் தொழில் கற்றபோது ஜிங்க் பிளேட்டை நாங்களேதான் தயார் செய்வோம். வாட்டர்ஹவுஸ் செய்ததன் பேரப்பிள்ளை என்று அந்த வேலையைச் சொல்லலாம்.

அவர் காலத்து முறை இது. ஒரு தாளில் ஜெலட்டினும் பொட்டாசியம் பைக்ரோமேட்டும் கலந்து பூசிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி நெகடிவை வைத்து வெயில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகிவிடும். நெகடிவில் கோடுகள்தான் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், ஆகவே இறுகுவது கோடு மட்டும். பிறகு தாள் முழுக்கக் கொழுப்பு மையைப் பூசி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். இறுகாத ஜெலட்டின் மையோடு சேர்ந்து கழன்று போகும், கோட்டில் மட்டும் மை நிற்கும். அந்தத் தாளைச் சொரசொரப்பாக்கிய ஜிங்க் தகட்டின்மேல் கவிழ்த்து, பிரஸ்ஸில் அழுத்தினால் மை தகட்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் எங்கள் தொழில்தான். தண்ணீர் ஒரு ஓட்டு, மை ஒரு ஓட்டு. தண்ணீர் நிற்கும் இடத்தில் மை நிற்காது.

இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் இருக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வேயில் 1859, 60 வாக்கில் வந்த முறை இது. தலைமை சர் ஹென்றி ஜேம்ஸ், சோதனைகளைச் செய்தவர் கேப்டன் ஸ்காட். ரெண்டு பேருமே ராயல் இன்ஜினியர்ஸ் பட்டாளம்.

எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. செய்து பார்த்தவனுக்குத்தான் பாடு தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜெலட்டினுக்குப் பதில் முட்டை வெள்ளைக்கருவில் டைக்ரோமேட் (அதே பைக்ரோமேட்தான்) கலப்போம். காலையில் முதல் வேலை முட்டை உடைப்பது. கலவையை மஸ்லின் துணியில் வடிகட்டி, சுற்றும் தொட்டியில் பிளேட்டை வைத்து, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நடுவில் ஊற்றினால், சுற்றச் சுற்ற ஓரம்வரை பரவும். விரல் இடுக்கெல்லாம் ஆரஞ்சுக் கறை. நகத்தோரம் புண்ணாகும், லேசில் ஆறாது.

இந்தப் பூச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிச்சமே படாவிட்டாலும், சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். எங்கள் ஊர் வறண்ட ஊர், காலண்டர் தொழில் அங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஐப்பசி மழையில் எங்களுக்கே பிளேட் வீணாகும். நான் தொழில் பழகிய பிரஸ்ஸில் ஒரு மழை நாளில், முந்தின ராத்திரி பூசி வைத்த 11 பிளேட்டும் காலையில் கருகல். எதுவும் டெவலப் ஆகவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லாமல் முட்டைக்கூடையை என் பக்கம் தள்ளினார்.

கல்கத்தாவில் ஆனி, ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். சுவரெல்லாம் வேர்க்கும் ஊர். கதகதப்பில் ஜெலட்டின் இளகும், காய வைத்தால் காயாது, காய்வதற்குள் தானாக இறுகும். அந்த ஊரில் ஒருத்தர் 31 வருஷம் இந்த வேலையை நிற்காமல் ஓட்டியிருக்கிறார் என்றால் நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

#4 தம்பி சப்பர்

தம்பி, உங்கள் பதிவை அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டேன். முட்டை உடைத்து மேப் அச்சடித்த கதையைக் கேட்டால் பிள்ளைகள் இனி தாளைக் கசக்க மாட்டார்கள்.

#5 கேள்விக்குறி

மன்னிக்கவும், கொஞ்சம் குறுக்கே வருகிறேன். இரண்டு விஷயம்.

ஒன்று. சேவை, சேவை என்கிறோம். 1879 மார்ச் 17ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் மைதானா பக்கம், சர்வே குழுவுக்குக் காவலாக வந்த படை பின்வாங்கும்போது, உயிர்போகும் காயம்பட்ட ஒரு அதிகாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற, 45ஆம் சீக்கியப் படையின் சில பேரோடு தங்களைவிடப் பலமடங்கு எதிரிகள் மேல் பாய்ந்தவர் கேப்டன் லீச். விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அவரும் சர்வேக்காரர்தான். அதையும் கல்கத்தாவில் கூரைக்குக் கீழே தகடு கழுவியதையும் ஒரே தராசில் வைக்கலாமா?

இரண்டு. இந்த வரைபடம் யாருக்காக? எந்த மலையில் யாரை அடக்க, எந்த வயலில் எவ்வளவு வரி போட? வாட்டர்ஹவுஸ் அந்த வேலைக்கு வருவதற்கு முன் 1861, 62ல் மத்திய இந்தியா முழுக்கச் சுற்றி, சாதி வாரியாக, பழங்குடி வாரியாக மக்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார். அது அரசாங்கக் கட்டளை. 1857க்குப் பிறகு ஆளப்படுகிறவர்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும் ஆசை. இதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

#6 வெள்ளி உப்பு

கேள்விக்குறி சொல்வது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1862 நவம்பரில் போபாலில் சிக்கந்தர் பேகத்தைப் படம் எடுத்தார். ஆட்சியில் இருந்த ராணி. பலவித உடைகளில் அவர் நின்று கொடுத்திருக்கிறார். நிற்கவைக்கப்பட்டவர்களுக்கு நடுவில், எப்படி நிற்பது என்பதைத் தானே முடிவு செய்த ஒருவர். அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும்.

என் துறை பழைய புகைப்பட ரசாயனம். வாட்டர்ஹவுஸ் பெயர் எனக்கு வரைபடத்தால் தெரியாது, இயோசினால் தெரியும். கொலோடியன் என்ற பசை பூசிய அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் கண்ணுக்குத் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அதற்கு இருட்டு. 1873ல் பெர்லினில் ஃபோகல் என்ற விஞ்ஞானி, சாயம் சேர்த்தால் தகட்டின் பார்வை விரியும் என்று கண்டுபிடித்தார். 1875ல் கல்கத்தாவிலிருந்து வாட்டர்ஹவுஸ், இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் தகட்டைப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் விழிக்கச் செய்கிறது என்று அறிவித்தார். பின்னால் கடைக்கு வந்த, பச்சையையும் மஞ்சளையும் பார்க்கும் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளில் இயோசின் குடும்பச் சாயங்கள்தான் வேலை செய்தன.

வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஏன் இந்தக் கவலை? தகட்டின் கண்ணை வைத்துப் பார்த்தால் புரியும். வரைபடத்தில் ஆறு நீலம். கேமராவுக்கு நீலமும் வெள்ளைத் தாளும் ஒன்றே, ஆறு காணாமல் போய்விடும். பழைய தாளில் மஞ்சள் கறை இருந்தால் அது கறுப்பாக விழும். கேமராவுக்கு ஏற்ற மாதிரி எப்படி வரைய வேண்டும் என்று 1890ல் தனியாக ஒரு கையேடே எழுதினார்.

#7 சிவகாசி ரிஜிஸ்டர்

வெள்ளி உப்பு சார், உடம்பு சிலிர்க்கிறது. அச்சுக்குக் கறுப்பு வெள்ளை லித் பிலிமில் படம் எடுத்த காலத்தில் ஆர்ட் ஒர்க் ஒட்டும்போது இளநீலப் பென்சிலால்தான் கோடு போடுவோம். எத்தனை கோடு போட்டாலும் கேமராவில் விழாது, அழிக்க வேண்டாம். "நீலம் போடு, சாமி பாக்காது" என்று ஃபோர்மேன் சொல்லுவார். அந்தக் கதை இவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று இன்றுதான் தெரிந்தது.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். பெரிதாக வரைந்து சிறிதாக்குவது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து கேமராவில் குறைத்தால், கை நடுக்கமும் சேர்ந்து குறைந்து கோடு சுத்தமாக வரும்.

#8 தம்பி சப்பர்

கேள்விக்குறி தம்பிக்குப் பதில்.

லீச் செய்தது பெரிய வீரம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீங்கள் வைத்த தராசு தப்பு என்று நினைக்கிறேன். லீச்சைச் சுற்றி இருந்தவர்கள் எதற்காக அந்த மலைக்குப் போனார்கள்? தாளில் வெள்ளையாகக் கிடந்த இடத்தை நிரப்ப. அவர்கள் ரத்தம் கொடுத்துக் கொண்டுவந்த கோடு, அடுத்துப் போகும் படையின் கைக்கு 200 பிரதியாகப் போய்ச் சேராவிட்டால், அந்தக் கோடு ஒரு அதிகாரியின் பையிலேயே கிடக்கும். சர்வே செய்தவன் பார்த்ததை, பார்க்காத ஆயிரம் பேருக்குக் காட்டுவது அச்சுக்காரன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பயிற்சியில் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு அச்சு மேப். மற்றவர்களுக்கு அதிலிருந்து கையால் பார்த்து வரைந்த தாள். என் கையில் இருந்தது கைத்தாள். அதில் ஒரு ஓடை வளைவு விட்டுப்போயிருந்தது. அந்த வளைவுக்குள் நாங்கள் 9 பேர் விடிய விடிய சேற்றில் நடந்தோம். பயிற்சி என்பதால் கால் மட்டும் வீங்கியது.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்த வரைபடங்கள் ஆட்சிக்காகத்தான், வரிக்காகத்தான், படையெடுப்புக்காகத்தான். நான் சேர்ந்த மெட்ராஸ் சாப்பர்ஸும் அந்த ஆட்சியின் கீழ் வளர்ந்த படைதான். அதில் எங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பாலம் யாருக்காக என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பாலம் உறுதியாக நின்றதா என்பது வேறு கேள்வி. இந்த இழையில் நான் கேட்டது அந்தக் கேள்வி.

#9 கேள்விக்குறி

உங்கள் பதிலில் நேர்மை இருக்கிறது ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாலத்தைப் பற்றிப் பேசினால் கல் சுமந்தவர்களையும் பேசுவோம். அந்தக் கல்கத்தா அலுவலகத்தில் தகடு தேய்த்தவர், ஜெலட்டின் காய்ச்சியவர், பிரஸ் இழுத்தவர், மை வைத்து நுணுக்கமாக வரைந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அவர்கள் பெயர் எங்கே?

பெயர் இருந்தாலும் அழித்த கதை தெரியும்தானே. ராதாநாத் சிக்தார், சிகரம் 15 (பின்னால் எவரெஸ்ட் என்று பெயர் வைத்தது)தான் உலகிலேயே உயரம் என்ற கணக்கைப் போட்ட வங்காளி. துய்லியரும் ஸ்மித்தும் வெளியிட்ட சர்வே கையேட்டில் கணக்குப் பகுதிகளுக்கு அவருக்கு நன்றி எழுதியிருந்தார்கள். அவர் இறந்தபின் 1875ல் வந்த பதிப்பில் அந்த நன்றி காணாமல் போனது. அப்போதே ஒரு ஆங்கிலப் பத்திரிகை அதைச் செத்தவரிடம் திருடுவது என்று கண்டித்தது. வாட்டர்ஹவுஸ் அதே துய்லியரின் கீழ்தான் வேலை பார்த்தார்.

#10 நிலவரை

கேள்விக்குறி சொன்னது முழுக்க உண்மை. அதோடு நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சேர்க்கிறேன். சையத் மீர் மொஹ்சின் உசேன். ஆற்காட்டுக்காரர், மெட்ராஸில் நகை வேலை பார்த்தவர். தியோடலைட் போன்ற அளவைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் அவர் கைக்கு நிகரில்லை என்று அப்போதைய சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்ட் கண்டுகொண்டார். இங்கிலாந்திலிருந்து வந்த கருவி வல்லுநர் போனபிறகு அந்த இடத்தில் இவரை வைக்க வேண்டும் என்று எவரெஸ்ட்டே வாதாடி, 1843ல் வாங்கிக் கொடுத்தார். 1802ல் பரங்கிமலைப் பக்கம் சர்வே அதிகாரி லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய வேலையில், இப்படி எத்தனையோ கைகள்.

#11 ஊட்டிக் குளிர்

எல்லாரும் கல்கத்தாவிலேயே இருக்கிறீர்கள், அவர் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்!

1871 டிசம்பர் 12, முழுச் சூரிய கிரகணம். பாதை நீலகிரி மேலே போனது. கர்னல் டென்னன்ட் தலைமையில் ஒரு குழு தொட்டபெட்டா உச்சியில் கூடாரம் போட்டது. அந்தக் குழுவுக்குப் புகைப்படக்காரர் கேப்டன் வாட்டர்ஹவுஸ். பக்கத்தில் சோலூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் தனியாகக் கருவி வைத்துக் காத்திருந்தார்.

டிசம்பர் விடியலில் தொட்டபெட்டா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2,637 மீட்டர். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஈரக் கொலோடியன் தகட்டைப் படம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் பூச வேண்டும், காய்வதற்குள் எடுத்துக் கழுவவும் வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில், முழுமறைப்பு நீடிக்கும் அந்தச் சில நிமிஷத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாகத் தகடு மாற்றி எடுத்திருக்கிறார். வருஷமெல்லாம் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் வரைபடம் எடுத்துப் பழகிய கைக்குத்தான் அந்த நிதானம் வரும். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

#12 வெள்ளி உப்பு

ஆமாம், 1874ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தபோது ரூர்க்கியிலும் அதே டென்னன்ட்டோடு இருந்தார். அடுத்த வருஷக் கிரகணத்துக்கு நிக்கோபாரில் கமோர்ட்டாவரை கப்பலில் போனார், மேகம் மூடிக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு லண்டனில் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் தலைவராக இருந்து, 1922ல் காலமானார்.

#13 சிவகாசி ரிஜிஸ்டர்

சப்பர் அண்ணே, ராத்திரி தூக்கம் வரவில்லை, ஒரு கணக்குப் போட்டேன். வகுப்பில் சொல்லுங்கள்.

ஜெலட்டின் தாளை வெந்நீரில் ஊறவைக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? நனைந்த தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும். அகலவாக்கில் ஒரு மாதிரி, நீளவாக்கில் ஒரு மாதிரி. காலண்டரில் முருகன் வேல் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். வரைபடத்தில்? அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம். 20 அங்குலத் தாள் நூற்றுக்கு ஒன்று சுருங்கினால் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நிலத்தில் சுமார் 320 மீட்டர். பீரங்கிக்காரனுக்கு 320 மீட்டர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் தாளே இல்லாமல் நெகடிவிலிருந்து நேரே தகட்டுக்கு இறக்கினால் இந்தச் சுருக்கம் போய்விடும். ஆனால் அப்போது படம் இடவலம் மாறிவிடும், ஆகவே நெகடிவையே திருப்பி எடுக்க வேண்டும். அதற்குக் கண்ணாடியோ பட்டகமோ கேமரா முன்னால் வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வந்து நிற்கும் தொழில் இது. அவர் முதலில் பீரங்கிப் படைக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். தாள் சுருங்கினால் குண்டு எங்கே விழும் என்று தெரிந்த ஒருவர் கையில்தான் அந்த அச்சுக்கூடம் இருந்திருக்கிறது.

#14 தம்பி சப்பர்

320 மீட்டர் தள்ளி விழும் குண்டு சொந்தப் படை தலையிலும் விழும் தம்பி. இந்த ஞாயிறு பாடம் இதுதான்.

#15 பூகோள டீச்சர்

ஒரு வாரமாக இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், இன்று எழுதியே தீர வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வெள்ளி உப்பு சார் சொன்ன நீல விஷயத்தைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன்.

பிள்ளைகள் பள்ளியைச் சுற்றி வரைந்த வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். வாய்க்கால் இளநீல ஸ்கெட்ச், ரோடு சிவப்பு, மேடு பழுப்பு, வயல் மஞ்சள். போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, நீலப் பகுதியை மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திறந்தோம். வகுப்பே கத்திவிட்டது. வாய்க்கால் இல்லை! தாள் வெள்ளையோடு கரைந்துவிட்டது. சிவப்பு ரோடும் மேட்டுக்கோடும் கன்னங்கரேல். மஞ்சள் வயல் கரும்பலகை மாதிரி இருண்டு கிடந்தது.

"மிஸ், இத நம்பி நடந்தா வாய்க்கால்ல விழுந்துருவோம்" என்றாள் ஒருத்தி. அந்த இடத்தில்தான் கல்கத்தா அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர்களே வாய்க்காலை இந்திய மையால் மேலே இழுத்தார்கள். மறுபடி படம். இந்தத் தடவை வாய்க்கால் இருந்தது.

#16 கேள்விக்குறி

டீச்சர், மை இழுத்த பிள்ளைகள் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுத வைத்தீர்களா?

#17 பூகோள டீச்சர்

இழுத்தவர்கள் 4 பேர், படம் எடுத்தவன் ஒருவன், பென்சிலில் வரைந்தவர்கள் 6 பேர். 11 பெயரும் கீழ் ஓரத்தில், ஷீட் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு ஸ்கேன் செய்து இங்கே போடுகிறேன்.

#18 சிவகாசி ரிஜிஸ்டர்

ஸ்கேன் மட்டும் போடாதீர்கள் டீச்சர், அசல் தாளை எனக்கு அனுப்புங்கள். பிரஸ் மூலையில் பழைய ஜிங்க் பிளேட் ரெண்டு கிடக்கிறது. நானே முட்டை உடைத்துப் பிளேட் போட்டு, ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துத் தருகிறேன். சப்பர் அண்ணன் வகுப்புக்கு எத்தனை வேண்டும்?

#19 தம்பி சப்பர்

23.